எல்லைக் கட்டை யாருக்காகத் தூக்கப்படுகிறது?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற மாதம் இதே கூடத்தில், கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்த நேரத்தில், மூன்று குடும்பத்தார் எங்களிடம் வந்து ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். வழவழப்பான தாள். மேலே நீல வண்ணத்தில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரம். ஒரு ஏஜெண்டு கொடுத்தது. "ருமேனியா ஐரோப்பாவோடு சேர்ந்துவிட்டது. எல்லையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பையன் புக்காரெஸ்டில் இறங்கினால் போதும், ஆறு மாதத்தில் ஜெர்மனியில் வேலை பார்க்கலாம். ஒரே அட்டை, 29 நாடு" என்று அவன் சொல்லியிருக்கிறான். விலை நான்கரை லட்சம் ரூபாய். முன்பணம் ஒரு லட்சம். அதில் ஒரு தாய் வளையலை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டுத்தான் நம்மிடம் வந்திருக்கிறார்.

அந்த அம்மா கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, எல்லையை எடுத்தாச்சுன்னு டி.வி.யிலேயே காட்டுனாங்களே, அப்ப அது பொய்யா?"

அன்றைக்கு எங்களால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பொய் என்று சொன்னால் அது பொய். மெய் என்று சொன்னால் வளையல் போய்விடும். ஆகவேதான் செயற்குழு கூடி, இந்த மாதம் இதையே பேசுவது என்று முடிவு செய்தோம். நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு பொருளாதாரக் கூட்டு அமைத்தால் பயணச் செலவு என்ன ஆகிறது, எல்லைச் சட்டம் என்ன ஆகிறது, அதில் கூலிக்காரன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

நம்மில் லாரி ஓட்டுகிற தோழர்களுக்கு முலுந்து நாக்காவும் தகிசர் நாக்காவும் மறந்திருக்காது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வருகிறவரை ஆக்ட்ராய் கட்டாமல் மும்பைக்குள் சரக்கு நுழையாது. இராத்திரி முழுக்க வரிசை. வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆக்ட்ராய் ஒழிந்த அன்றைக்கு அந்த வரிசையும் ஒழிந்தது. அப்போது சரக்குக் கம்பெனிக்கு மிச்சமான காசு எவ்வளவு, டிரைவருக்கு ஏறிய பேட்டா எவ்வளவு என்று கேட்டால், இங்கேயே பாதிப்பேர் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்கு வாருங்கள்.

டான்யூப் என்று ஒரு பேராறு. அதன் வடகரையில் ருமேனியாவின் ஜியூர்ஜியு, தென்கரையில் பல்கேரியாவின் ரூசே. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான பாலம் ஒன்று இரு கரையையும் சேர்க்கிறது. 1954இல் திறந்தது. அதற்கு நட்புப் பாலம் என்று பெயர் வைத்தார்கள். இரு நாடுகளும் 2007 ஜனவரி 1ஆம் தேதி ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அன்று முதல் அந்தப் பாலத்தில் சுங்க வரி இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் பார்க்கிற போலீஸ் கட்டை மட்டும் அப்படியே இருந்தது. லாரிகள் மணிக்கணக்காக நின்றன. எட்டு மணி, பத்து மணி நேரம் நிற்பது அந்த டிரைவர்களுக்கு வாடிக்கை. ஒன்றியத்துக்குள் சேர்ந்த பிறகு இப்படி 18 ஆண்டு நின்றார்கள்! 2024 மார்ச் 31இல் விமானத்துக்கும் கப்பலுக்கும் மட்டும் சோதனையை நீக்கினார்கள். தரைவழிக்கு 2025 ஜனவரி 1இல்தான் நீங்கிற்று. விமானத்தில் போகிறவன் முதலில், லாரியிலும் பஸ்ஸிலும் போகிறவன் ஒன்பது மாதம் கழித்து. டி.வி.யில் அந்த அம்மா பார்த்தது அந்தப் புத்தாண்டு இராத்திரிக் காட்சியைத்தான்.

ஏன் இந்தத் தாமதம்? ஒன்றியத்தில் சேர்வது ஒன்று, எல்லைச் சோதனை இல்லாத வட்டத்தில் சேர்வது வேறொன்று. இரண்டையும் நம் பத்திரிகைகள் போட்டுக் குழப்புகின்றன. ஏஜெண்டு அந்தக் குழப்பத்தில்தான் கடை விரிக்கிறான்.

முதலில் பிறந்தது ஐரோப்பியப் பொதுச் சந்தை. 1957இல் ரோமாபுரியில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். 1968 ஜூலையில் தங்களுக்குள் சுங்க வரியை முழுக்க எடுத்தார்கள். அதே 1968இல் தொழிலாளர்களுக்கும் ஒரு சட்டம் செய்தார்கள். உறுப்பு நாட்டுத் தொழிலாளி இன்னொரு உறுப்பு நாட்டில் வேலைக்குப் போகலாம், உள்ளூர்க்காரனுக்கு உள்ள அதே கூலி, அதே சலுகை, மனைவி மக்களையும் அழைத்துக் கொள்ளலாம் என்பது அந்தச் சட்டம். வளைகுடாவுக்குப் போய் இருபது ஆண்டு தனியாகக் கிடந்து வந்த நம் தோழர்கள் அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: மனைவி மக்களோடு. அது பெரிய காரியம். அதை நாம் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் சுங்கம் போன பின்னும் எல்லையில் சோதனை போகவில்லை. அது எப்படிப் போயிற்று என்பதை ஐரோப்பியத் தலைவர்கள் தங்கள் தொலைநோக்கு என்று சொல்லிக் கொள்வார்கள். நாங்கள் வேறொரு சங்கதியையும் சேர்த்துச் சொல்லுவோம். 1984 பிப்ரவரியில் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில், சுங்கச் சாவடியில் நாட்கணக்காகக் காக்க வைத்ததைப் பொறுக்கமாட்டாமல் லாரி டிரைவர்கள் சாலையின் குறுக்கே வண்டிகளை நிறுத்தி மறியல் செய்தார்கள். கடும் பனிக்காலம். மறியல் பிரான்ஸ் நாடெங்கும் பரவிற்று. அந்த ஆண்டு ஜூலையிலேயே பிரான்சும் ஜெர்மனியும் சார்புரூக்கன் என்ற ஊரில் சோதனையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. மறு ஆண்டு, 1985 ஜூன் 14இல், லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்தில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில், ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வர 1995 ஆயிற்று. இன்று ஷெங்கன் வட்டத்தில் 29 நாடுகள். அவற்றில் நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்தில் இல்லாதவை. ஒன்றியத்தில் இருந்தும் அயர்லாந்தும் சைப்ரசும் வட்டத்துக்குள் இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சாலையில் வண்டியை நிறுத்தியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

இனிப் பயணச் செலவுக்கு வருவோம். 2004 மே 1ஆம் தேதி போலந்து, ஹங்கேரி, செக், சுலோவாக்கியா முதலிய பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அதற்கு முன் வார்சாவிலிருந்து லண்டனுக்குப் போகிற ஏழைத் தொழிலாளி பஸ்ஸில்தான் போவான். ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்தே பயணம். விமானம் உண்டு, ஆனால் எந்தக் கம்பெனி எத்தனை விமானம் விடலாம் என்பதை இரண்டு அரசுகளும் பேசி வைத்திருந்தன, டிக்கெட்டோ பணக்காரனுக்கு உரியது. ஒன்றியத்தின் விதிப்படி உறுப்பு நாட்டு விமானக் கம்பெனி எதுவும் எந்த உறுப்பு நாட்டுக்கும் பறக்கலாம். போலந்து சேர்ந்த அதே மே மாதத்தில் கட்டோவிட்சே என்ற சுரங்கத் தொழில் நகரிலிருந்து மலிவு விமானம் லண்டனுக்குக் கிளம்பிவிட்டது. உள்ளே சோறு இல்லை, தண்ணீர்கூடக் காசு. ஆனாலும் முன்கூட்டி வாங்கினால் பஸ் கட்டணத்துக்கே டிக்கெட் கிடைத்தது.

இந்த விஷயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு டிக்கெட் விலை என்றால் என்ன? பெற்ற பிள்ளையை ஆண்டுக்கு எத்தனை தடவை பார்க்கலாம் என்ற கணக்குத்தானே! நாகர்கோவில் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறைப் பக்கம் நின்று வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலைக்கு ருமேனியாவிலிருந்து தாய்மார்கள் போனார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். டிக்கெட் மலிந்ததும் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் ஊர்வர முடிந்தது. 2017 ஜூன் முதல் ஒரு நாட்டு சிம் கார்டில் இன்னொரு நாட்டிலிருந்து பேச, ஒன்றியத்துக்குள் தனிக் கட்டணம் இல்லை என்றும் சட்டம் வந்தது. விமானம் கடைசி நேரத்தில் இரத்தானால், கம்பெனியின் சக்தியை மீறிய காரணம் ஏதும் இல்லையென்றால், பயணிக்கு 250 யூரோவிலிருந்து 600 யூரோ வரை நட்டஈடு தரவேண்டும் என்று 2005 முதல் சட்டம் இருக்கிறது. டிக்கெட் 20 யூரோ, நட்டஈடு 250! விமானக் கம்பெனிகளுக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை.

ஆகவே சேர்வதால் பயன் உண்டா என்றால், உண்டு. பயணம் மலிந்தது, பாஸ்போர்ட் வேண்டாம், அடையாள அட்டை போதும் என்றாயிற்று. இவையெல்லாம் உண்மை.

ஆனால் போவது வேறு, வேலை செய்வது வேறு. புதிதாகச் சேர்ந்த நாட்டு மக்கள் பழைய நாடுகளுக்குள் போகலாம், ஊர் பார்க்கலாம், காசு செலவழிக்கலாம். வேலைக்கு மட்டும் ஏழு ஆண்டு வரை கதவைச் சாத்தி வைக்கலாம் என்று சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். முதலில் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று, பிறகு இரண்டு. வட்டிக்காரன் தவணை போடுகிற மாதிரி. 2004இல் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் மட்டும் உடனே திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழு ஆண்டையும் முழுக்கப் பயன்படுத்தி, 2011 மே மாதம்தான் போலந்துத் தொழிலாளிக்குக் கதவைத் திறந்தன. போலந்தில் செய்த நாற்காலி 2004இலேயே பெர்லினுக்குத் தடையில்லாமல் போயிற்று. அந்த நாற்காலியைச் செய்த தச்சன் வேலைக்குப் போக ஏழு ஆண்டு காத்திருந்தான்.

ருமேனியத் தொழிலாளியின் கணக்கு இன்னும் நீளம். 2002இல் விசா இல்லாமல் விருந்தாளியாகப் போக விட்டார்கள். 2007இல் ஒன்றியத்தின் குடிமகன் ஆனான். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் தடையில்லாமல் வேலை பார்க்க 2014 வரை காத்தான். எல்லையில் நிற்காமல் தரைவழி போக 2025 ஆயிற்று. 2022 டிசம்பரில், எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பிறகும், ஆஸ்திரியா ஒரு நாடு 'கூடாது' என்று சொன்னதால் அந்தத் தடவை கதவு திறக்கவில்லை. ஒரே கூட்டத்தில் குரோஷியாவுக்குச் சம்மதம், ருமேனியாவுக்கு மறுப்பு. ஒன்றியத்தில் எல்லாரும் சமம், ஆனால் வீட்டோ வைத்திருக்கிறவன் கொஞ்சம் கூடுதல் சமம்.

ஒன்று சொல்ல மறந்தோம். முன்வாசல் திறக்கிறபோது பின்வாசல் அடைபடும். ஒன்றியத்தின் வெளி எல்லையைக் காக்க வேண்டிய பொறுப்பு புதிதாகச் சேர்கிறவன் தலையில் விழுகிறது. போலந்து சேர்வதற்கு முன்பே, 2003 அக்டோபர் முதல், கிழக்கே இருக்கிற உக்ரைன், பேலாரஸ், ரஷ்ய மக்களுக்கு விசா கட்டாயம் ஆக்கியது. அதுவரை பையைத் தூக்கிக்கொண்டு வார்சாவுக்கு வந்து சந்தையில் துணியும் சாமானும் விற்றுப் பிழைத்த எளிய வியாபாரிகள் தூதரக வாசலில் வரிசையில் நின்றார்கள்.

இதைவிட நெஞ்சை அறுக்கும் ஒன்று உண்டு. சுலோவாக்கியா–உக்ரைன் எல்லையில் செல்மென்ட்ஸ் என்று ஓர் ஊர். ஹங்கேரிய மொழி பேசுகிற மக்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து எல்லை போட்டபோது கோடு ஊரின் நடுவே விழுந்தது. அண்ணன் இந்த நாடு, தம்பி அந்த நாடு. வேலிக்கு இப்பால் நின்று அப்பால் இருப்பவனுக்குக் கேட்கும்படி கத்தித்தான் சாவும் பிறப்பும் சொன்னார்கள். எதிர்வீட்டுக்குப் போக விசா வாங்கி, வேறொரு சாவடி வழியாகப் பல மைல் சுற்றிப் போகவேண்டும். பல ஆண்டு முறையிட்டு 2005 டிசம்பரில் ஊருக்குள்ளேயே ஒரு சிறு வாசல் திறந்தார்கள், நடந்தும் சைக்கிளிலும் போக. இரண்டே ஆண்டு. 2007 டிசம்பரில் சுலோவாக்கியா ஷெங்கன் வட்டத்துக்குள் போயிற்று. சுலோவாக்கியா பக்கத்தவர் விசா இல்லாமல் அந்தப் பக்கம் போகலாம். உக்ரைன் பக்கத்தவர் அண்ணன் வீட்டுக்கு வர ஷெங்கன் விசா வேண்டும், அதற்குக் கட்டணம், காகிதம், காத்திருப்பு. 2017 ஜூனில் உக்ரைன் மக்களுக்கு விசா நீக்கப்படும்வரை இதுதான் நிலை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போர்ச்சுகல்வரை எல்லை அழிந்த அதே நாளில் ஒரு தெருவுக்குள் எல்லை தடித்தது.

எடுத்த கட்டை எடுத்ததாகவே இருக்குமா என்றால் அதுவும் இல்லை. 2015இல் அகதிகள் பெருந்திரளாக வந்தபோது ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனையை மறுபடி வைத்தது. 2024 செப்டம்பரில் தன் தரை எல்லை எல்லாவற்றிலும் வைத்தது. குரோஷியா 2023 ஜனவரி 1இல் வட்டத்துக்குள் சேர்ந்தது. அன்றைக்கே நாணயத்தையும் யூரோ ஆக்கிப் பெரிய விழா எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பக்கத்து சுலோவேனியா தன் எல்லையில் போலீசை நிறுத்திவிட்டது. பத்து மாதம்கூட ஆகவில்லை.

வெளியே போனவன் கதை பிரிட்டனுடையது. 2020 முடிவோடு ஒன்றியத்தின் விதிகள் அங்கே ஓய்ந்தன. டோவர் துறைமுகத்தில் லாரி வரிசை திரும்ப வந்தது. ஐரோப்பியன் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போன வசதி 2021 அக்டோபரில் போயிற்று, பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில் அதற்கு மேல் ஒரு முன்னனுமதிக் கட்டணம் வைத்தார்கள், 10 பவுன். ஒரே வாரத்தில் அது 16 பவுன் ஆயிற்று. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோழர்களே, எல்லை யாருடைய தேவைக்காகத் திறக்கிறது என்பதை 2020ஆம் ஆண்டைப் போல வேறெதுவும் காட்டியதில்லை. கொரோனா வந்ததும் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் கதவை அடைத்தது. பருவகால விவசாயக் கூலிகள் வரக்கூடாது என்று ஜெர்மனி மார்ச் கடைசியில் தடை போட்டது. ஆனால் அது அஸ்பாரகஸ் அறுவடைக் காலம். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குருத்து அது. குனிந்து, மண்ணுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. சில நாளிலேயே சட்டம் வளைந்தது. ஏப்ரலில் 40,000 பேர், மே மாதம் 40,000 பேர் விமானத்தில் வரலாம் என்றார்கள். ருமேனியாவில் ஊரடங்கு. சொந்த ஊருக்குள் நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் க்ளூஜ் நகர விமான நிலையத்தின் வெளியே ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஏழைகள் தோளோடு தோள் நின்றார்கள், தனி விமானங்களில் ஜெர்மனி போக.

அதே நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? தாராவியில் பத்துக்குப் பத்து அறையில். கதவைத் திறந்தால் போலீஸ். நமக்கு விமானமும் இல்லை, மே மாதம்வரை இரயிலும் இல்லை. நம் அரசியல் சட்டம் 1950 முதலே நாடெங்கும் போகவும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் உரிமை தந்திருக்கிறது. அந்த வகையில் ஐரோப்பியனைவிட நாம் முன்னோடி. ஆனால் நம் ரேஷன் கார்டு மாநில எல்லை தாண்டத் தொடங்கியது 2019இல், எல்லா மாநிலத்துக்கும் அது பரவியது 2022இல். ஆள் தாண்டி எழுபது ஆண்டு கழித்து அரிசி தாண்டிற்று.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம்.

ருமேனியா நம் பையன்களை ஏன் கூப்பிடுகிறது? அதன் மக்கள் மேற்கே போய்விட்டார்கள். 1990இல் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 2021 கணக்கெடுப்பில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம். எல்லை திறந்தால் கூலி அதிகமுள்ள பக்கம் ஆள் போகத்தான் செய்வான். வீடு கட்டவும் தட்டு கழுவவும் ஆள் இல்லாமல், 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளிகளை அனுமதிக்க அந்த அரசு உத்தரவு போட்டது. நேபாளம், இலங்கை, வங்கதேசம், இந்தியா எல்லாம் அங்கே போகின்றன. ஆகவே ருமேனியாவில் வேலை இருக்கிறது என்பது மெய்.

ஆனால் ஒன்றியத்தின் வேலை உரிமை அதன் குடிமக்களுக்கு உரியது. நம் பையனுக்கு அது வராது. அவனுக்குக் கிடைப்பது ருமேனிய முதலாளி ஒருவர் தன் பெயரில் வாங்குகிற வேலை அனுமதி, அதன்மேல் நீண்டகால விசா, அங்கே போன பிறகு குடியிருப்பு அட்டை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு அவன் ஜெர்மனிக்குப் போகலாமா? போகலாம். எந்த 180 நாளிலும் 90 நாள்வரை சுற்றிப் பார்க்கலாம். ஒரு நாள்கூடக் கூலி வேலை செய்யக்கூடாது. ஜெர்மனியில் வேலை செய்ய ஜெர்மனியின் அனுமதி தனியே வேண்டும். ஏஜெண்டு சொன்ன '29 நாடு' என்பது இந்த 90 நாள் சுற்றுலாவைத்தான்.

மீறிப் போய் வேலை செய்து பிடிபட்டால்? அங்கேதான் ஒன்றியத்தின் ஒற்றுமையை முழுக்கப் பார்க்கலாம். வெளியேற்றி, நுழைவுத் தடை விதித்து, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான கம்ப்யூட்டர் பதிவில் பெயரை ஏற்றிவிடுவார்கள். ஒரு நாட்டில் விழுந்த தடை எல்லா நாட்டு எல்லையிலும் தெரியும். 2025 அக்டோபரிலிருந்து, குறுகிய காலம் வந்து போகிற வெளிநாட்டவரின் கைரேகையையும் முகப்படத்தையும் எல்லையிலேயே பதிகிற புதிய முறையும் தொடங்கிவிட்டது. விசிட் விசாவில் போய்த் தங்கிவிடலாம் என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய நாளில் பாஸ்போர்ட்டில் குத்திய மசி முத்திரை அழிந்திருந்தால் தப்பியவர்கள் உண்டு. இனிக் கைரேகை அழியாது.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025இல் ருமேனியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,050 லெய். பிடித்தம் போகக் கையில் வருவது 510 யூரோ அளவுக்கு, நம் பணத்தில் ஏறத்தாழ அரை லட்சம். நான்கரை லட்சம் என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் ஒன்பது மாத உழைப்பு ஏஜெண்டுக்கு. நம் நாட்டு விதிப்படி பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய கூலியே 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தரவேண்டும். மிச்சம் நான்கு லட்சத்துச் சொச்சம் எதற்கு என்று கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவன் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். படித்த பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள், ஐந்து நிமிட வேலை.

போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து வி.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது நம் தாத்தாமாரையும் "போகாதே" என்றுதான் ஊரில் சொன்னார்கள். ருமேனியாவுக்கு ருமேனிய வேலைக்காகப் போகிறவன், முதலாளி பெயர், வேலை, சம்பளம், தங்குமிடம் நான்கும் எழுதிய ஒப்பந்தத்தைத் தனக்குப் புரிகிற மொழியில் படித்துவிட்டுப் போகட்டும். ஜெர்மனி என்ற சொல்லுக்காக ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

அந்த மூன்று குடும்பங்களுக்காகவும் நாங்கள் அந்த ஏஜெண்டிடம் பதிவு எண்ணைக் கேட்டோம். "நாளைக்கு அனுப்புகிறேன்" என்றான். நாளை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இப்போது போனை எடுப்பதில்லை. முன்பணத்தை இரண்டு குடும்பங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அந்த அம்மா பாதி கொடுத்துவிட்டார். அதைத் திரும்பப் பெற எழுத்து மூலம் புகார் தயாராகிறது. நாளை மறுநாள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரோடு செயற்குழுவிலிருந்து இரண்டு பேர் போகிறோம். வளையலுக்கு மாத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் வைத்திருக்கிற உண்டியல் அதற்குத்தான்.

வேறு யார் வீட்டிலாவது இதே நட்சத்திரம் போட்ட காகிதம் இருந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் போதும். பாஸ்போர்ட் ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், எங்கள் கையிலும்கூட.